தண்ணீர் ஓடாத குழாய்

பிளம்பரின் சொந்த வீட்டுக் குளியலறையில் ஒரு குழாய் இரண்டு வருடமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே ஒரு பச்சை வாளி. வாளி நிறைந்ததும் அவர் மனைவி அதைத் தூக்கிக்கொண்டுபோய்ச் செடிகளுக்கு ஊற்றுவார். திரும்பி வந்து அதே இடத்தில் வைப்பார். வைக்கும்போது கொஞ்சம் சத்தமாகவே வைப்பார்.

"ஊரு வீட்டுல ஒழுகுறதெல்லாம் நிறுத்துறீங்க. நம்ம வீட்டுக்கு மட்டும் வாளி."

"ஞாயித்துக்கிழமை பாத்துடறேன்."

"எந்த ஞாயித்துக்கிழமை? இந்த வருஷத்துலயா, அடுத்த வருஷத்துலயா?"

இதற்கு மேல் அங்கே நின்றால் வம்பு என்று அவர் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நழுவிவிடுவார்.

ஐம்பத்திரண்டு வயது. அதில் முப்பது வருடம் குழாய் வேலை. இரண்டு பெண்களை வளர்த்து, ஒருத்திக்குக் கல்யாணமும் செய்து வைத்தாயிற்று. அதிகம் பேசமாட்டார். ஆனால் நன்றாகக் கேட்பார். சுவருக்குள் ஓடும் குழாயை ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டி, காதைச் சுவரில் வைப்பார். சத்தம் கணீரென்று வந்தால் குழாய் காலி. மொத்தையாக வந்தால் உள்ளே துரு அடைத்திருக்கிறது. "இங்க கொத்து" என்று விரலை வைத்தால் அந்த இடம்தான். ஒரு சாண் கூடத் தள்ளிப்போகாது.

அவருடைய கூட்டாளி மச்சினன். மனைவியின் தம்பி, நாற்பது வயது, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. இவர் கீழ்மாடியில் வேலை செய்தால் அவன் மேல்மாடியில் இருப்பான். கத்திக் கூப்பிட்டால் குடியிருப்பவர்கள் எட்டிப் பார்த்து முறைப்பார்கள். போன் எடுக்கலாம் என்றால் கையெல்லாம் ஈரம். அதனால் அவர்களுக்குள் ஒரு வழக்கம். குழாயிலேயே தட்டிப் பேசிக்கொள்வார்கள். ஒரு தட்டு என்றால் மூடு. இரண்டு தட்டு என்றால் திற. மூன்று தட்டு என்றால் டீ வந்தாச்சு, இறங்கி வா. முதல் இரண்டுக்கும் மச்சினன் சில சமயம் தாமதிப்பான். மூன்றாவதற்கு ஒருநாளும் தாமதித்ததில்லை.

அவர்களுடைய சபையிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை ஒரு குழு பத்து நாள் ஊழியப் பயணம் போகும். மலை மேல் ஒரு குழந்தைகள் இல்லம். அம்மா அப்பா இல்லாத பிள்ளைகள், நோயில் கிடக்கும் பிள்ளைகள் என்று அறுபது பேர். பிளம்பரின் மனைவி ஆறு வருடமாகப் போய்வருகிறார். பிள்ளைகளுக்குத் தலை குளிப்பாட்டுவார், கதை சொல்லுவார், கிழிந்த துணி தைப்பார். ஒவ்வொரு வருடமும் கணவரையும் கூப்பிடுவார். ஒவ்வொரு வருடமும் ஒரே பதில்தான்.

"நான் வந்து அங்க என்ன பாட்டா பாடப் போறேன்?"

இந்த வருடம் அந்தப் பதில் செல்லவில்லை. இல்லத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. இரும்புக் குழாய்கள் எல்லாம் துருப்பிடித்துவிட்டன, தண்ணீர் டீ நிறத்தில் வருகிறது, நோயாளிப் பிள்ளைகளுக்குத் துணியில் வடிகட்டிக் கொதிக்கவைத்துக் கொடுக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். குழுத் தலைவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். அதனால் எல்லோருக்கும் அவர் விசில் சார். அவரே பிளம்பர் வீடு தேடி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். உள்ளே 'டொக், டொக்' என்று சொட்டும் சத்தம் கேட்டது. எட்டி வாளியைப் பார்த்தார்.

"நான் சரியான வீட்டுக்குத்தானே வந்திருக்கேன்?" என்றார்.

மனைவி சமையலறையில் சிரித்த சிரிப்பு வாசல்வரை கேட்டது. அந்த வெட்கத்திலேயே பிளம்பர் வருகிறேன் என்று ஒத்துக்கொண்டார். மச்சினனையும் இழுத்துக்கொண்டார்.

ஒரு திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தார்கள். பஸ்ஸின் கூரையில் கட்டுக் கட்டாக வெள்ளை பிளாஸ்டிக் குழாய். விசில் சார் இறங்கியதும் இறங்காததுமாகச் சுவரில் ஒரு பெரிய அட்டவணையை ஒட்டினார். யார், எந்த நாள், எத்தனை மணிக்கு, என்ன வேலை என்று கட்டம் கட்டமாக இருந்தது. பிளம்பருக்கு நேராக 'குழாய்' என்று எழுதியிருந்தது. அவருக்குத் திருப்தி. ஆனால் மதியக் கட்டத்தில் 'நோயாளி வார்டு, ஊட்டிவிடுதல்' என்றும் இருந்தது.

"சார், இது தப்பா விழுந்திருக்கு. எனக்குப் பிள்ளைங்களுக்கு ஊட்டத் தெரியாது."

"ரெண்டு பொண்ணு வளத்தீங்களே?"

"அவங்க அம்மா ஊட்டினா சார்."

"அப்ப இப்பவாவது கத்துக்குங்க. தினமும் அரை மணி நேரம், எல்லாருக்கும்தான். எனக்கும் போட்டிருக்கேன் பாருங்க." விசிலை ஒரு ஊது ஊதினார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

செவ்வாய்க்கிழமை மதியம் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வார்டுக்குப் போனார். நீளமான அறை. பதினோரு கட்டில்கள். கடைசிக் கட்டிலில், சுவரோரம், ஆறு வயதுப் பெண் ஒருத்தி. இடுப்பிலிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டு. முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. நர்ஸம்மா ஒரு தட்டையும் ஸ்பூனையும் அவர் கையில் கொடுத்தார்.

"இவளா?"

"இவதான். உங்களுக்கு முன்னாடி நாலு பேர் தோத்துட்டாங்க. நீங்களும் தோத்தா வருத்தப்படாதீங்க."

அரை மணி நேரம் ஸ்பூனை நீட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். முட்டை ஆறி, சோறு காய்ந்தது. குழந்தை திரும்பவே இல்லை.

வெளியே வந்ததும் நர்ஸம்மாவிடம் விசாரித்தார். இவளும் மாடியில் இருக்கும் இன்னொருத்தியும் அக்கா தங்கை. பத்து வயது, ஆறு வயது. ஒருத்தி போகும் இடமெல்லாம் மற்றவள் பின்னாலேயே போவாள். அதனால் இல்லத்தில் பெரியவளுக்குத் தலை என்று பெயர், சின்னவளுக்கு வால். மூன்று வாரத்துக்கு முன் தலைக்குக் காசநோய் என்று தெரிந்தது. மற்றவர்களுக்குப் பரவும். சளிப் பரிசோதனை சுத்தமாக வரும்வரை மாடிக் கோடியில் தனி அறை. மாத்திரை ஒழுங்காகக் கேட்கிறது, தேறிவருகிறாள். ஆனால் வால் கட்டிலைவிட்டு இறங்க முடியாது, தலை அறையைவிட்டு வெளியே வர முடியாது.

"அக்கா மேல நல்லா இருக்கான்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லாம இருப்போமா? இவங்க அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனப்பவும் எல்லாரும் அதையேதான் சொல்லியிருக்காங்க. அம்மா நல்லா இருக்கா, வந்துடுவான்னு. அம்மா வரல. இப்ப நாங்க சொன்னா மூஞ்சிய திருப்பிக்கிறா. போட்டோ எடுத்துக் காட்டினேன். 'அம்மா போட்டோவும் இருக்கு'ன்னுட்டா."

பிளம்பர் காய்ந்த சோற்றுத் தட்டை நீட்டினார். நர்ஸம்மா அதை வாங்கிக்கொண்டே சொன்னார்.

"சனிக்கிழமை சனிக்கிழமை டாக்டர் வந்து எடை பாப்பாரு. ரெண்டு வாரமா இறங்கிட்டே போகுது. இன்னும் இறங்கினா டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவேன்னு சொல்லிட்டாரு. அங்க போயிட்டா இவ இன்னும் சுருண்டுடுவா."

அன்று மாலை சமையலறைத் தொட்டிக்குக் குழாய் போட்டுக்கொண்டிருந்தபோது வளைவில் மாட்டும் எல்போ ஒன்றைத் தலைகீழாக மாட்டிவிட்டார். முப்பது வருடத்தில் அப்படிச் செய்ததில்லை. மச்சினன் பார்த்துவிட்டுப் பேசாமல் கழற்றித் திருப்பி மாட்டினான்.

புதன்கிழமை மதியம் மறுபடியும் அதே கட்டில், அதே முதுகு. சும்மா உட்கார்ந்திருப்பது அவருக்குப் பழக்கமில்லை. கட்டிலை ஒட்டிச் சுவரோரமாக ஒரு பழைய இரும்புக் குழாய் ஓடி, மூலையில் ஏறிக் கூரைக்குள் நுழைந்திருந்தது. மாடிக் கோடி அறைக்கும் அதன் குளியலறைக்கும் அதே குழாய்தான் போகிறது. கடைசியாக மாற்ற வேண்டிய வரிசை அது. குளியலறை வால்வு திரும்புகிறதா என்று பார்க்கும்படி மச்சினனிடம் காலையிலேயே சொல்லியிருந்தார். இந்நேரம் மேலே இருப்பான். ஸ்பேனரை வார்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது நர்ஸம்மாவின் சட்டம். அதனால் கையிலிருந்த சாப்பாட்டு ஸ்பூனாலேயே குழாயில் இரண்டு தட்டு தட்டினார். திற.

மேலேயிருந்து பதில் வந்தது. டங் டங். கொஞ்சம் இடைவெளி. டங்.

"என்ன பண்றான் இவன்?" என்று முணுமுணுத்தார். மறுபடியும் இரண்டு தட்டினார்.

டங் டங். டங்.

"ரெண்டுன்னா திற. அதுல மூணாவது எதுக்கு? பகல்லயே தூங்குறானா?"

"யார மாமா திட்டுறீங்க?" என்று வாசலில் ஒரு குரல். மச்சினன் கையில் டேப் சுருளோடு நின்றிருந்தான்.

"நீ மேல இல்லையா?"

"இப்பதான் போகப் போறேன். டேப் எடுக்க பஸ்ஸுக்குப் போனேன்."

"அப்ப மேல யாரு தட்டுறது?"

"அக்கா."

சொன்னது கட்டிலில் இருந்தவள். முழுவதும் திரும்பியிருந்தாள். பிளம்பர் அப்போதுதான் அந்த முகத்தையே பார்த்தார். கன்னத்தில் தலையணைச் சுருக்கம் பதிந்திருந்தது.

"அது அக்கா. அக்கா அப்படித்தான் கதவு தட்டுவா."

அம்மா வேலைக்குப் போன பிறகு வீட்டைப் பூட்டிக்கொண்டு இருவரும் இருப்பார்களாம். அக்கா கடைக்குப் போய் வந்தால் இரண்டு தட்டு, நிறுத்தி, ஒரு தட்டு. வேறு யார் எப்படித் தட்டினாலும் திறக்கக் கூடாது. இவ்வளவையும் வால் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, அவர் கையிலிருந்த ஸ்பூனைப் பிடுங்கினாள். சோறு ஒட்டிய ஸ்பூனோடு குழாயில் தட்டினாள். இரண்டு, ஒன்று. மேலேயிருந்து உடனே இரண்டு, ஒன்று. பிறகு மேலே யாரோ கண்டபடி தட்டினார்கள். அதற்கு எந்தக் கணக்கும் இல்லை. சும்மா சந்தோஷம்.

பிளம்பர் தன் வாழ்க்கையில் செய்த ஒரே தந்திரத்தை அப்போதுதான் செய்தார்.

"பாப்பா, இருக்கிறது ஒரே ஸ்பூன். அதுல சோறு ஒட்டியிருந்தா சத்தம் சரியா போகாது."

வால் ஸ்பூனைப் பார்த்தாள். வாயில் வைத்து நக்கிச் சுத்தம் செய்தாள். தட்டினாள். அவர் சாதாரணமாகத் தட்டை நீட்டி மறுபடியும் கொஞ்சம் சோற்றை அதில் ஏற்றினார்.

"அடடா, மறுபடியும் ஒட்டிக்கிச்சே."

பதினேழு தடவை ஒட்டிக்கொண்டது. தட்டு காலியானது. சுவரெல்லாம் மஞ்சள் கரு. நர்ஸம்மா திட்டத்தான் வாயைத் திறந்தார். திட்டு வரவில்லை.

அப்புறம் அந்த வார்டு வார்டாக இல்லை. நர்ஸம்மா முகக்கவசம் மாட்டிக்கொண்டு மேலே போய்த் தலைக்கு விஷயத்தைச் சொன்னார். மூன்று வாரமாகக் குழாய்க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தண்ணீர் ஓடும் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாளாம் அவள். கீழேயிருந்து யாரோ தட்டியதும் பதிலுக்குத் தட்டியிருக்கிறாள், அவ்வளவுதான். பிளம்பர் தன் தொழில் பாஷையை இருவருக்கும் சொல்லிக்கொடுத்தார். இருவரும் அதைத் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள். ஒரு தட்டு, போதும். இரண்டு தட்டு, இன்னும் சாப்பிடு. நாலு தட்டு, மாத்திரை போட்டாச்சா. அக்கா மேலேயிருந்து அதிகாரம் செய்வாள். தங்கை கீழே வாயில் சோற்றோடு முறைப்பாள்.

"இவ எதுக்கு என்னை ரெண்டு தட்டுறா? அவ சாப்பிட்டாளான்னு கேளுங்க மாமா!"

"நீயே கேளு. உன் கையிலதான ஸ்பூன் இருக்கு?"

மூன்று தட்டுதான் பெரிய தலைவலியாகப் போயிற்று. மூன்று என்றால் டீ என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது. மச்சினன் மாடியில் எங்கே வேலை செய்தாலும் சரி, கீழே யாராவது மூன்று தட்டினால் போதும், தடதடவென்று படியிறங்கி வந்துவிடுவான். வந்து பார்த்தால் டீ இருக்காது. பதினோரு கட்டிலும் சிரிப்பில் குலுங்கும். ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பையன்கூடக் கையை அசைக்காமல் வயிற்றால் சிரித்தான்.

"டேய், நாலாவது தடவைடா இது! உங்களுக்கெல்லாம் இரக்கமே இல்லையா?"

"உங்களுக்குப் புத்தி இல்லையா மாமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஒருவேளை இந்தத் தடவை நிஜமா இருந்தா?" என்றான் மச்சினன். அதுவும் நியாயம்தான். ஒருநாள் நிஜமாகவே டீ இருந்தது. தட்டியது நர்ஸம்மா.

சனிக்கிழமை டாக்டர் வந்தார். மாவுக்கட்டோடு வாலைத் தூக்கி எடைக் கருவியில் வைத்தார்கள். டாக்டர் முள்ளைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"அறுநூறு கிராம் ஏறியிருக்கு. என்ன மருந்து குடுத்தீங்க?"

"ஸ்பூன்" என்றார் நர்ஸம்மா.

டவுன் ஆஸ்பத்திரிப் பேச்சு இப்போதைக்கு இல்லை, அடுத்த சனிக்கிழமையும் இப்படியே இருந்தால் அந்தப் பேச்சே வேண்டாம் என்று டாக்டர் எழுதிவைத்துவிட்டுப் போனார்.

வேலையும் மளமளவென்று நடந்தது. சமையலறை, குளியலறைகள், துவைக்கும் இடம் என்று ஒவ்வொன்றாக இரும்பு போய் வெள்ளை வந்தது. கடைசியாக செவ்வாய்க்கிழமை வார்டு வரிசை. மறுநாள் மதியம் பன்னிரண்டுக்குப் பஸ். அதனால் இருவரும் விடியற்காலையிலேயே இறங்கிவிட்டார்கள். பழைய இரும்பைக் கழற்றுவது ஒன்றும் கஷ்டமாக இல்லை. அதைச் சுவரோடு பிடித்திருந்த கிளாம்புகள் எல்லாம் துருவில் இற்று ஆடிக்கொண்டிருந்தன. தூக்கிப்போக வசதியாகக் குழாயை ரம்பத்தால் துண்டு துண்டாக அறுத்துக் கொல்லைப்புறத்தில் போட்டார்கள். மூன்று மணிக்கு வெள்ளைக் குழாயில் தண்ணீர் வந்தது. நர்ஸம்மா ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். டம்ளர் காலியாக இருப்பது போலவே இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். விசில் சார் நீளமாக ஊதினார். பிளம்பர் தலையைக் குனிந்துகொண்டு கையைத் துடைத்தார். உள்ளுக்குள் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

ஐந்து மணிக்குப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு வந்தது. வால் ஸ்பூனை எடுத்து வெள்ளைக் குழாயில் தட்டினாள்.

டப்.

மறுபடியும் தட்டினாள். டப் டப். டப். அட்டைப் பெட்டியில் தட்டுவது போல் ஒரு சத்தம். கட்டிலைத் தாண்டிக்கூடப் போகவில்லை. மேலேயிருந்து ஒன்றும் வரவில்லை.

அவள் பிளம்பரைப் பார்த்தாள்.

"அக்கா எங்க?"

"மேலதான்மா இருக்கா. நல்லா இருக்கா."

சொல்லி முடிக்கும்போதே அவருக்கு உறைத்தது. எல்லோரும் அவளிடம் சொன்ன அதே வார்த்தை. வால் ஸ்பூனைத் தட்டில் வைத்தாள். தட்டைத் தள்ளினாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கொல்லைப்புறத்தில் துருக் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டார் பிளம்பர். மச்சினன் தேடிக்கொண்டு வந்தான்.

"என்ன மாமா, தண்ணி கண்ணாடி மாதிரி வருது. இங்க வந்து இப்படி உக்காந்துட்டீங்க?"

"தண்ணி வருது மாப்ள. அவ அக்கா வரல."

மச்சினனுக்குப் புரிய இரண்டு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஆறு நாளா அதே பைப்புல தட்டி விளையாடினோமே. நமக்கு ஏன் தோணல?"

"பைப்புன்னா நமக்குத் தண்ணிதானே" என்றார் அவர்.

புதன்கிழமை காலை. கடைசி நாள். விசில் சாரின் அட்டவணையில் 'அருவி பார்த்தல், ஓய்வு' என்று போட்டிருந்தது. எல்லோரும் குளித்து நல்ல உடை உடுத்தி நின்றார்கள். பிளம்பர் மட்டும் அழுக்குச் சட்டையில் வந்தார்.

"சார், நான் அருவிக்கு வரல. பழைய பைப்ப மறுபடியும் மாட்டப் போறேன்."

"ஐயோ, புதுசுக்கு என்ன ஆச்சு? ஒழுகுதா?"

"புதுசு நல்லா இருக்கு சார். அது அப்படியே இருக்கட்டும். பக்கத்துலயே இதையும் மாட்டணும்."

"ரெண்டுலயும் தண்ணி விடப் போறீங்களா?"

"இல்ல சார். இதுல ஒண்ணும் வராது."

விசில் சார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். வீட்டு வாளி ஞாபகம் வந்திருக்க வேண்டும். பிளம்பருக்கு நீளமாக விளக்கத் தெரியாது. "அந்தப் பாப்பா நேத்து சாயங்காலமும் சாப்பிடல, இன்னிக்குக் காலையிலும் சாப்பிடல சார்" என்று மட்டும் சொன்னார். அது போதுமாக இருந்தது.

விசில் சார் பென்சிலை எடுத்தார். "எத்தனை துண்டு?"

"ஒம்பது."

"அப்ப எட்டு இணைப்பு. ஒரு இணைப்புக்கு ரெண்டு முனையிலும் மரை வெட்டணும், பதினாறு. ஒருத்தர் பிடிச்சு ஒருத்தர் சுத்தி, ஒண்ணுக்கு இருபது நிமிஷம்னா, அஞ்சு மணி நேரத்துக்கு மேல. ரெண்டு பேரால பன்னிரண்டு மணிக்குள்ள நடக்காது. சாத்தியமே இல்லை." ஒரு கணம் யோசித்தார். பிறகு அட்டவணைக்குப் போய், அருவி என்று எழுதியிருந்த கட்டத்தைப் பென்சிலால் அடித்தார். விசிலை ஊதினார். "எல்லாரும் நல்ல துணிய மாத்திட்டு வாங்க!"

அப்படி ஒரு காலையை அந்த இல்லம் பார்த்ததில்லை. பதினாலு பேர் கொல்லையில் வரிசையாக நின்றார்கள். சிலர் குழாயைப் பிடித்துக்கொண்டார்கள். சிலர் மரை வெட்டும் கட்டையை முறை வைத்துச் சுற்றினார்கள். கதை சொல்ல வந்தவர்கள் எண்ணெய் ஊற்றினார்கள். பிளம்பரின் மனைவி உப்புத்தாளால் துருவைத் தேய்த்தார். முகமெல்லாம் சிவப்புத் தூள்.

"முப்பது வருஷத்துல இன்னிக்குத்தான் நீங்க என்ன வேலை செய்றீங்கன்னு பாக்குறேன்."

"எப்படி இருக்கு?"

"கைய பாத்து சுத்துங்க. பேச்ச குறைங்க."

இணைக்கும் நேரம் வந்தது. மச்சினன் பழக்கத்தில், ஒழுகாமலிருக்க மரையில் சுற்றும் டேப் சுருளை நீட்டினான். பிளம்பர் வேண்டாம் என்று கையால் தள்ளினார்.

"டேப் சுத்தினா இரும்பும் இரும்பும் ஒட்டாது மாப்ள. சத்தம் நின்னுடும். வெறுமனே முறுக்கு."

"டேப் இல்லாமயா? எனக்குத் தொழில் சொல்லிக்குடுத்ததே நீங்கதான். மொத நாள் டேப் மறந்ததுக்குத் தலையில குட்டினீங்க."

"குட்டினேன். இப்ப சுத்தினாலும் குட்டுவேன்."

கூரையில் பழைய துளையைக் கொஞ்சம் கொத்தி அகலமாக்கி, வெள்ளைக் குழாய்க்குப் பக்கத்திலேயே இரும்பை நுழைத்தார்கள். பதினொன்றே முக்காலுக்குக் கடைசித் துண்டு முறுகியது. வெளியே பஸ் ஹாரன் அடித்தது. வால் திரும்பிப் பார்க்கவில்லை. பிளம்பர் ஸ்பூனால் மெதுவாக ஒரு தட்டு தட்டினார்.

டொக்.

கணீரென்று வரவில்லை. சத்தம் பிறந்த இடத்திலேயே செத்தது. விசில் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிளம்பர் சுவரில் காதை வைத்துக் கண்ணை மூடினார். தட்டினார். கொஞ்சம் நகர்ந்து மறுபடியும் தட்டினார். மூன்றாவது தட்டில் கண்ணைத் திறந்தார்.

"கிளாம்பு. புதுசு போட்டு இறுக்கிட்டேன். எல்லாத்தையும் சுவரு தின்னுடுது. பழசு ஆடிக்கிட்டு இருந்துச்சு, அதான் அவ்வளவு சத்தம். மாப்ள, எல்லா ஸ்குருவையும் கழட்டு!"

"இறுக்கினது தப்பா? மாமா, இன்னிக்கு எல்லாமே தலைகீழா இருக்கு."

"துணி வேணும். தொட்டில் மாதிரி கட்டித் தொங்கவிடணும்."

சொல்லி வாய் மூடுவதற்குள் அவர் மனைவி தோளில் கிடந்த துண்டைப் பல்லால் கடித்து நீளநீளமாகக் கிழித்துக்கொடுத்தார். கிளாம்புக்குப் பதில் துணி வளையங்கள். குழாய் எங்கும் சுவரைத் தொடாமல் தொங்கியது. மாடியிலும் அப்படியே. தலையிடம் தட்டச் சொல்ல நர்ஸம்மா மேலே ஓடினார்.

பிளம்பர் ஸ்பூனைத் தட்டில், வாலின் கைக்குப் பக்கத்தில் வைத்தார். அக்கா இருக்கா என்று சொல்லவில்லை. தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

டங் டங்.

டங்.

குழாய் துணித் தொட்டிலில் லேசாக ஆடியது. வாலின் தோள் அசைந்தது. திரும்பினாள். புதுக் குழாயைப் பார்த்தாள், பழைய குழாயைப் பார்த்தாள், மஞ்சள் கரு ஒட்டிய சுவரைப் பார்த்தாள். ஸ்பூனை எடுத்து இரண்டு, ஒன்று தட்டினாள். மேலேயிருந்து நாலு தட்டு வந்தது. மாத்திரை போட்டாச்சா?

"வந்ததும் ஆரம்பிச்சுட்டா!" என்றாள் வால். ஆனால் மாத்திரைக்குக் கையை நீட்டினாள். பிறகு தட்டை இழுத்துக்கொண்டாள்.

பிளம்பர் கருவிகளைப் பையில் அடுக்கினார். அதே ஸ்பேனரை மூன்று தடவை உள்ளே வைத்து வெளியே எடுத்தார். அவர் மனைவி பார்த்தும் பார்க்காதது போல் இருந்தார்.

பஸ் கிளம்ப இருந்தது. விசில் சார் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். பதிமூன்று வரை வந்தபோது, திறந்த ஜன்னல் வழியாக வார்டிலிருந்து மூன்று தட்டு கேட்டது. மச்சினன் சீட்டிலிருந்து எழுந்துவிட்டான்.

"மாப்ள, உக்காரு. ஏமாத்துறாங்க."

"ஒருவேளை நிஜமா இருந்தா?" என்று இறங்கி ஓடினான். உள்ளேயிருந்து பதினோரு பேரின் சிரிப்பு பஸ்வரை வந்தது.

இரண்டு மாதம் கழித்து நர்ஸம்மாவின் கடிதம் வந்தது. பிளம்பர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மனைவி நின்றபடியே உரக்கப் படித்தார். தலைக்குச் சளிப் பரிசோதனை சுத்தமாக வந்துவிட்டது. வார்டுக்கு இறங்கி வந்துவிட்டாள். வாலின் மாவுக்கட்டையும் பிரித்தாயிற்று, அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். ஒரு வாரம் இருவரும் கீழே உட்கார்ந்து தட்டினார்கள், மேலே பதில் சொல்ல ஆள் இல்லை என்று சலித்துக்கொண்டார்கள். இப்போது மாடி அறையில் அம்மை போட்ட ஒரு குட்டிப் பையன் இருக்கிறான், தனியாக இருக்க மாட்டேன் என்று முதல் நாள் ஒரே அழுகை. அவனுக்கு வால்தான் பாஷை சொல்லிக்கொடுத்திருக்கிறாள். மூன்று வேளையும் கீழேயிருந்து இரண்டு தட்டு தட்டி அவனைச் சாப்பிடவைக்கிறாள். 'அவள் தொல்லை தாங்காமல் அவன் முழுத் தட்டையும் காலி செய்கிறான்' என்று எழுதியிருந்தது.

பிளம்பர் தட்டைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. அதை மறைக்க ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது.

"பைப்பு எங்கயாவது ஒழுகுதான்னு கேட்டு எழுது."

"தண்ணியே ஓடாத பைப்புல என்னத்த ஒழுகும்?" மனைவி கடிதத்தை மடித்தார். "முதல்ல நம்ம வீட்டுக் குழாயப் பாருங்க."

"ஞாயித்துக்கிழமை பாத்துடறேன்" என்றார் அவர். சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்து, மேஜையில் விரல் முட்டியால் மூன்று தட்டு தட்டினார்.

சமையலறையிலிருந்து கரண்டியால் பதில் வந்தது.

ஒரே ஒரு தட்டு. மூடு.